அந்தச் சமதரையை யார் போட்டது?

டித்வா புயலுக்குப் பிறகு எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையகத்தைப் பற்றியவை. மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மலையைப் பற்றி இத்தனை கேள்விகளா என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் வியந்தார். எனக்கு வியப்பில்லை. பிள்ளையின் உத்தியோகம், திருமண உறவு, பழைய சினேகிதம் என்று ஏதோவொரு நூல் இங்குள்ள பல வீடுகளைப் பதுளையுடனும் கண்டியுடனும் இணைத்திருக்கிறது. பதுளை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் பல ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகளும் மருமகனும் பதுளைப் பக்கம் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அங்கேயே காணி வாங்க நினைக்கிறார்கள். மலையடிவாரத்தில், ஓடைக்கு அருகில், இருபது பேர்ச் நல்ல சமதரை. டித்வாவின்போதுகூட அந்தக் காணிக்குள் வெள்ளம் வரவில்லை என்று விற்பவர் சத்தியம் பண்ணுகிறார். வாங்கலாமா?
— கொக்குவில் வாசகி

பதில்: அம்மா, விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடச் சொல்லுங்கள். சுற்றிலும் சரிவும் பள்ளமுமாகக் கிடக்கும் நாட்டில் அந்த ஒரு துண்டு மட்டும் எப்படிச் சமதரை ஆயிற்று?

மலையிடுக்கில் வேகமாக இறங்கும் ஓடை, இடுக்கின் வாயைத் தாண்டியதும் சரிவு குறைந்து, இருபுறமும் அகல இடம் கிடைத்து, வேகத்தை இழக்கிறது. அதுவரை சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் அங்கே போட்டுவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போட்டுப் போட்டு உருவானதே விசிறி வடிவில் பரந்து கிடக்கும் அந்த மென்சரிவு. பாடப்புத்தகங்கள் அதை வண்டல் விசிறி என்கின்றன. ஓடை தன் படுக்கையைத் தானே நிரப்பி உயர்த்திக்கொள்வதால், ஒரு கட்டத்தில் பழைய வழியை விட்டு விசிறியின் வேறொரு பக்கத்துக்குப் பாய்ந்துவிடும். எனவே இன்று ஓடை வலப்புறம் ஓடுகிறது என்பதை வைத்து இடப்புறக் காணி பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. இந்தப் புயலில் வெள்ளம் வரவில்லை என்பதும் அப்படித்தான். அது அந்த ஓடையின் ஒரு மாரியைப் பற்றிய சாட்சி. காணியைப் போட்டுத் தந்த பெருக்குகளோ நூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தவையாக இருக்கலாம்.

வெனிசுவேலாவின் வர்காஸ் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மலை 2,000 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. கட்டடம் கட்டச் சமதரை வேண்டுமென்றால் ஓடைகளின் வாயிலுள்ள விசிறிகளைத் தவிர அங்கே வேறு இடம் இல்லை. அடுக்குமாடிகளும் வீடுகளும் அவற்றின் மேலேயே எழுந்தன. 1999 டிசம்பர் 14 முதல் 16 வரை மூன்று நாட்களில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. மலைச்சரிவுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் கழன்று, பாறையும் மரமும் சேறுமாக விசிறிகளின் மேல் இறங்கின. இறந்தவர்களின் எண்ணிக்கையை இன்றுவரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மதிப்பீடுகள் சில நூறிலிருந்து முப்பதாயிரம் வரை வேறுபடுகின்றன. பெருக்கு அரித்துத் திறந்த ஓடைக்கரைகளில் அதற்கு முந்தைய பெருக்குகள் விட்டுப்போன பாறைகளும் தெரிந்தன. அந்த நிலம் தன் வரலாற்றை வயிற்றுக்குள் வைத்திருந்தது. தோண்டிப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

மகளையும் மருமகனையும் ஒரு நாள் பகலில், மழையில்லாத நேரத்தில், ஓடைக்கரைக்கு இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கரை வெட்டுப்பட்ட இடத்தில் மண்ணின் பக்கவாட்டு முகம் தெரியும். சாதாரண வெள்ளம் போட்ட மண் என்றால் மணல் ஒரு படை, பரல் ஒரு படை என்று தரம் பிரிந்து கிடக்கும். அப்படியில்லாமல் தலையளவுக் கல்லும் முட்டையளவுக் கல்லும் களியும் ஒன்றாகக் குழைந்து, பெரிய கற்கள் ஒன்றையொன்று தொடாமல் சேற்றுக்குள் மிதந்தபடி உறைந்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் கற்சேற்று ஓட்டம், அதாவது கல்லும் சேறும் ஒன்றாகக் குழைந்து பாயும் பெருக்கு, வந்திருக்கிறது. ஓடையின் இருமருங்கிலும் வரப்புப்போல நீளமாகக் குவிந்த பாறை வரிசை, அடிமரம் சேற்றில் புதைந்த பழைய மரங்கள், மலைப்பக்கம் பட்டை உரிந்த தண்டுகள் ஆகியவையும் அதே கதையையே சொல்லும். அடுத்து மேலே பாருங்கள். காணிக்கு நேர் மேலே மலையில் கரண்டிபோலக் குழிந்த பள்ளம் இருக்கிறதா? சரிவுகளிலிருந்து வழியும் மண்ணும் நிலத்தடி நீரும் வந்து கூடுவது அங்கேதான். சென்ற முறை சரிந்த பள்ளத்தைக் காட்டிப் பயப்படுகிறார்கள். பக்கத்தில் இன்னும் சரியாத, மண் நிறைந்த பள்ளத்தைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

கண்ணால் பார்த்ததோடு நிறுத்திவிட வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்கள் தயாரித்து வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட அந்த நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். உறுதி எழுதிய பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பதில் என்ன பயன்? முற்பணம் கொடுப்பதற்கு முன்பே பதுளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். காணி இடுக்கின் வாய்க்கு நேரே இருக்குமானால், படம் என்ன நிறம் காட்டினாலும், என் மகளாக இருந்தால் வாங்க விடமாட்டேன்.

கேள்வி: கேரளத்து வயநாட்டு மண்சரிவுக் காட்சிகளில் வீடளவு பாறைகள் ஆற்றோடு வந்து கிடந்ததைப் பார்த்தேன். தண்ணீரால் அவ்வளவு பெரிய பாறையைத் தூக்க முடியுமா?
— வட்டுக்கோட்டை, உயர்தர மாணவன்

பதில்: தம்பி, தெளிந்த நீரால் முடியாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் பாறையின் நிறை ஏறத்தாழ 2,650 கிலோகிராம். நீரில் அமிழ்த்தினால் ஆர்க்கிமிடீசின் விதிப்படி 1,000 கிலோகிராம் குறையும், மிச்சம் 1,650. இப்போது நீருக்குப் பதிலாக, கனவளவில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணுமாக இருக்கும் சேற்றை எடுத்துக்கொள்வோம். குழைத்து ஊற்றும் கொங்கிறீட்டைப்போல இருக்கும் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கிலோகிராம். அதற்குள் அதே பாறை 650 கிலோகிராம்தான். தன் நிறையில் நான்கில் மூன்று பங்கை இழந்துவிட்ட பாறையை, செங்குத்துச் சரிவில் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இறங்கும் ஓட்டம் உருட்டிக்கொண்டு போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பல அளவுக் கற்கள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கும்போது சிறியவை இடுக்குகளால் கீழே இறங்க, பெரியவை மேலே வருகின்றன. ஓட்டத்தின் மேற்பரப்பே அதன் மிக வேகமான பகுதி. மேலே வந்த பெரும் பாறைகள் அதனால் முன்னுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓட்டத்தின் தலையில் ஒரு பாறைச் சுவராகச் சேர்ந்துவிடும். பின்னால் வரும் நீர்த்த சேறு அந்தச் சுவரைத் தள்ளுகிறது. வீட்டை முதலில் அடிப்பது அந்தத் தலைதான். ஓரங்களுக்கு ஒதுக்கப்படும் பாறைகளே நான் மேலே சொன்ன வரப்புகள்.

அது ஒரே மூச்சிலும் வந்து முடியாது. ஒடுங்கிய இடத்தில் மரமும் பாறையும் சிக்கித் தற்காலிக அணையாகும், பின்னால் நீர் ஏறும், அணை உடையும், அடுத்த அலை முந்தியதைவிடப் பெரிதாக வரும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நள்ளிரவுக்குப் பின் முதல் பெருக்கு அடித்தது. விடியுமுன் மறுபடியும் அடித்தது. முதல் பெருக்குக்குத் தப்பியவர்கள் அயலவரைத் தேடி இறங்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். சத்தம் அடங்கிவிட்டது என்று நம்பிக் கீழே இறங்கக் கூடாது. இதை உன் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லு.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இப்படி நடக்குமா?
— அராலி வாசகர்

பதில்: நடக்காது. 2008 நவம்பர் 25 அன்று நிஷா புயலில் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையகத்தில் 150 மில்லிமீட்டருக்கே ஆட்களை வெளியேறச் சொல்வார்கள். இங்கே வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது, பயிர் அழிந்தது, இடம்பெயர்வும் நேர்ந்தது. ஆனால் பாறை எதுவும் எவர் தலையிலும் விழவில்லை. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. விழ உயரம் இல்லாத நீருக்குக் கல்லைச் சுமக்கும் பலமும் இல்லை. உங்கள் ஊர் வழியாகக் கடலேரிக்குப் போகும் வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடும் ஆறு.

நமக்குள்ள ஆபத்து வேறு. நம் காலடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நீர் அதைக் கரைத்துக் குகைகள் ஆக்கும்; கூரை இடிந்தால் மேலே பள்ளம் விழும். நிலாவரைக் கிணறு அப்படி உண்டானது. வெள்ளவாய்க்காலை மூடி மதில் கட்டுகிறவர்கள் வெள்ளத்தையும் தாங்களே வரவழைக்கிறார்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கேள்வி: என் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர்கள். உறவினர் இன்னும் ஹல்துமுல்லைப் பக்கம் லயனில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டில், இருக்கிறார்கள். 'எச்சரிக்கை கொடுத்தும் அவர்கள் ஏன் வெளியேறவில்லை?' என்று இங்கே என்னிடம் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது, ஐயா?
— கிளிநொச்சி வாசகர்

பதில்: 'எங்கே போவது?' என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

2014 ஒக்ரோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியாபெத்தவில் மலை இறங்கி லயன்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன அறிவியலில் பிழை இல்லை. சொன்னதற்கும் ஒரு குடும்பம் வேறு கூரையின் கீழ் போவதற்கும் இடையில் காணி வேண்டும், வீடு வேண்டும், வேலைக்குப் போகும் தூரம் வேண்டும், பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும். இவற்றில் எதையும் அந்தத் தொழிலாளியால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. லயன் எங்கே கட்டப்பட வேண்டும் என்று எவரும் அவருடைய பாட்டனைக் கேட்கவில்லை. நிலம் அவர் பெயரில் இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போக அவருக்கு உரிமை கொடுக்காதவர்கள், ஆபத்தான இடத்தில் இருந்ததற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புவியியலையும் சொல்லிவிடுகிறேன்; அதுவும் உங்கள் உறவினருக்கு உதவும். மலையகத்தின் அடிப்பாறை கடினமான பழம்பாறை. ஆனால் அதன் மேல் வெப்பமும் மழையும் சேர்ந்து இளக்கிய மண் பல மீட்டர் தடிப்பில் போர்த்திக் கிடக்கிறது. பழைய சரிவுகளிலிருந்து இறங்கிய கல்லும் மண்ணும் அடிவாரத்தில் குவிந்து கிடக்கும் இடங்கள் இன்னும் மோசம்; ஒருமுறை நகர்ந்த மண் மறுபடி நகர அதிக மழை கேட்பதில்லை. மீரியாபெத்த அப்படிப்பட்ட குவியல். மழை நீர் உள்ளே இறங்கி மண்மணிகளுக்கிடையே நிரம்பும்போது, அந்த நீரின் அமுக்கம் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கப் பார்க்கிறது. அவற்றைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைகிறது. அதனால்தான் பல நாள் நனைந்த மலை, கடைசி நாளின் ஒரு மணி நேர மழையில் போய்விடுகிறது.

தேயிலை மலையில் கான் வெட்டி நீரை வெளியே எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. நான் அங்கே இருந்த காலத்தில் வயதான தொழிலாளர்கள் கான்களின் நிலையைப் பார்த்தே மலையின் நிலையைச் சொல்வார்கள். தூர்ந்து போன கான், நீரை வெளியே விடாமல் சரிவுக்குள்ளேயே அனுப்புகிறது. உங்கள் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள்: லயனுக்கு மேலே உள்ள கான் ஓடுகிறதா, நிரம்பிக் கிடக்கிறதா? அடைபட்டிருந்தால் தொழிற்சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். எழுத உதவி தேவையென்றால் இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன். கேரளத்தின் பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு எழுபது பேர் மாண்டார்கள். அவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் இருந்ததும் லயன்கள்தான்.

கேள்வி: கலிபோர்னியாவில் காட்டுத்தீ அணைந்த பிறகு, அடுத்த மழைக்கே சேற்றுப்பெருக்கு எச்சரிக்கை கொடுக்கிறார்கள். நெருப்புக்கும் சேற்றுக்கும் என்ன தொடர்பு? பணக்கார நாட்டில் தடுக்க வழி இல்லையா?
— ரொறன்ரோ வாசகர்

பதில்: தீ செடிகளை அழிப்பதோடு நிற்பதில்லை. எரிந்த இலைதழைகளின் மெழுகுப் பொருள் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கிப் படிந்து, நீரை உறிஞ்சாத ஒரு படையை உண்டாக்கிவிடுகிறது. மழை உள்ளே போகாமல் மேலாகவே ஓடிச் சாம்பலையும் மண்ணையும் வழித்துக்கொண்டு ஓடையில் சேரும். மலை பல நாள் நனையத் தேவையில்லை. சில நிமிட அடைமழை போதும். மொன்ரெசிற்றோவில் 2017 டிசம்பரில் தீ, 2018 ஜனவரி 9 அதிகாலையில் பெருக்கு. 23 உயிர்கள் போயின. நம் ஊவாவின் பதனைப் புல்வெளிகளுக்கு ஒவ்வொரு வறட்சியிலும் தீ வைக்கிறவர்களும் இதைக் கேட்க வேண்டும்.

லொஸ் ஏஞ்சலிஸ் அருகே மொன்ட்றோஸ் என்ற அடிவார ஊர் உண்டு. 1933 நவம்பரில் மேலே மலை எரிந்தது. 1934 புத்தாண்டு இரவில் பெருக்கு இறங்கியது. பாதுகாப்பு என்று நம்பிச் சிலர் ஒரு சங்க மண்டபத்தில் கூடியிருந்தார்கள். பெருக்கு அந்த மண்டபத்துக்குள் புகுந்து அங்கே இருந்தவர்களையும் கொன்றது. நமது பிரதேச செயலகங்கள் இந்தச் செய்தியைச் சுவரில் எழுதி வைக்கலாம். நலன்புரி நிலையமாக ஒரு பாடசாலையைத் தெரிவு செய்யுமுன், அந்தப் பாடசாலை எந்த ஓடையின் வாயில் நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அதன் பிறகு அங்கே இடுக்குகளின் வாயில் பெரும் தடுப்புக் குளங்கள் கட்டினார்கள். கல்லையும் சேற்றையும் தேக்கி, நீரை மட்டும் விடுவது அவற்றின் வேலை. யப்பானியர் ஓடைகளின் குறுக்கே படிப்படியாகத் தடுப்பணை கட்டுகிறார்கள். இரண்டும் பயன் தருபவை. ஆனால் நிறைந்த குளத்தை ஒவ்வொரு முறையும் அள்ளி வெறுமையாக்க இயந்திரமும் பணமும் கொட்ட இடமும் வேண்டும். அள்ளாத தடுப்புக் குளம் மக்களுக்குப் பொய்த் தைரியம் கொடுக்கும். அதைவிட அந்த இடத்தில் வீடு கட்டாமல் விடுவது மலிவு.

கேள்வி: இரவில் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?
— பண்டாரவளையிலிருந்து ஒரு பழைய மாணவி

பதில்: ஓடையின் போக்கில் கீழே ஓடக் கூடாது, அதை ஓடி வெல்ல முடியாது. ஓடைக்குக் குறுக்காக, பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். அமெரிக்காவில் பிக் தொம்ப்சன் பள்ளத்தாக்கில் 1976 ஜூலை 31 இரவு 144 பேர் இறந்தார்கள். வாகனத்தில் பாதைவழியே தப்ப முயன்ற பலர் அவர்களில் அடங்குவர். வாகனத்தை விட்டு மேட்டில் ஏறுங்கள் என்று அங்கே இப்போது பலகை நட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் மகளே, சத்தம் கேட்ட பிறகு ஓடுவது கடைசி வழி. மழை கொட்டும்போது ஓடை திடீரென வற்றினால் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. அந்த நிமிடமே கிளம்பு. தெளிந்த ஊற்று கலங்கினாலும், இல்லாத இடத்தில் புது ஊற்று பீறிட்டாலும், கதவு சட்டத்தில் இறுகினாலும், முற்றத்தில் வெடிப்பு அகன்றாலும், மின்கம்பம் சாய்ந்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் படுக்காதே. ஏறும் மேட்டைப் பகலிலேயே பார்த்து வை. கிழவர்களையும் குழந்தைகளையும் இருட்டில் கூட்டிக்கொண்டு ஏறக்கூடிய பாதையா என்று ஒருமுறை நடந்து பார்.

கேள்வி: 'மஞ்சள்', 'செம்மஞ்சள்', 'சிவப்பு' என்று வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை சொல்வதற்கு முன் நாமே மழையை அளக்க முடியுமா?
— அதே மாணவி

பதில்: முடியும். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கங்கள் நேரான பாத்திரம் ஒன்று போதும். மேலே குறுகிய போத்தல் என்றால் கழுத்தை வெட்டிவிடு. அடி குழிவாக இருந்தால் சீமெந்து ஊற்றிச் சமப்படுத்து. கூரையின் தாழ்வாரமோ மரக்கிளையோ மேலே வராத வெட்டவெளியில், காற்றில் விழாதபடி கம்பத்தில் கட்டு. உள்ளே நிற்கும் நீரின் ஆழமே மழையின் அளவு. வெளிப்புறத்தில் 75, 100, 150 மில்லிமீட்டரில் மூன்று கோடுகள் கீறு. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 75ஐத் தொட்டால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் பத்திரங்களையும் மருந்துகளையும் கட்டி ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேற வேண்டியதுதான். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிடு. இரவு மழைக்கு ஒருவர் விழித்திருந்து மணிக்கொரு முறை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். லயனில் எத்தனை வீடுகள் இருக்கின்றனவோ அத்தனை பேர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமாக இராது.